தொண்ணூற்றிரண்டாம் பக்கம்

கனகம்மா: ...அப்ப நாளைக்கு மேடையில பேசப்போறீங்களோ, அழப்போறீங்களோ?

சோமசேகரம்: ஆர் அழுதது?

கனகம்மா: காலமை அறைக்குள்ள பேசிப் பழகேக்க கேட்டனான். "என்ர முதல் நாவல்" எண்டு தொடங்கி நாலு தரம் தொண்டை அடைச்சுது.

சோமசேகரம்: அது சளி.

கனகம்மா: ஓமோம், சளிதான். வாசலில ஒரு பிள்ளை நிக்குது பாருங்கோ. கையில உங்கட புத்தகம்.

சோமசேகரம்: வாங்கோ பிள்ளை, உள்ளுக்கு வாங்கோ! அந்தக் கட்டைத் தள்ளிப்போட்டுக் கதிரையில இருங்கோ. நாளைக்கு வெளியீட்டு விழாவுக்கு மண்டபத்துக்குக் கொண்டுபோற புத்தகங்கள், கடையளில போன மாதமே வந்திட்டுது.

பரீனா: நான் குறிஞ்சாக்கேணியில இருந்து வாறன், சேர். பேர் பரீனா. அங்க பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறன்.

சோமசேகரம்: துறை கடந்து வந்தனீங்களோ! கேட்டீரே கனகம்மா? கிண்ணியாப் பக்கமும் போயிட்டுது என்ர "பாரந்தூக்கி".

பரீனா: பஸ் நிலையத்தில நோட்டீஸ் ஒட்டியிருக்கு. "திருகோணமலைத் துறைமுகத்தின் உண்மைக் கதை" எண்டு.

சோமசேகரம்: அது அச்சகத்துக்காரர் போட்ட வசனம். போன மாதம் ரேடியோவிலயும் பத்து நிமிசம் கதைச்சனான். கேட்டனீங்களோ?

பரீனா: வாப்பாவும் நானும் கேட்டம். "துறைமுகத்தில கிளாக்கரா இருந்தன், கண்ணால கண்டதைத்தான் எழுதினன்" எண்டு சொன்னீங்க. வாப்பாக்கு அவ்வளவு சந்தோசம். அடுத்த நாளே புத்தகம் வாங்கித் தரச் சொன்னார்.

சோமசேகரம்: நல்ல வாசகர்!

பரீனா: வாப்பாக்கு வாசிக்கத் தெரியா. நான்தான் வாசிச்சுக் காட்டினன்.

சோமசேகரம்: புத்தகத்தைத் தாங்கோ, கையெழுத்துப் போட்டுத் தாறன். ஆருக்கெண்டு எழுத?

பரீனா: தாஹிருக்கு எண்டு எழுதுங்க.

சோமசேகரம்: தாஹிர்... எந்தத் தாஹிர்?

பரீனா: கிறேன் ஓட்டின தாஹிர்.

கனகம்மா: என்னப்பா, பேனை எழுதேல்லையோ?

சோமசேகரம்: நீர் போய்த் தேத்தண்ணி போடும்.

கனகம்மா: பிள்ளை குடிக்குமோ எண்டு...

சோமசேகரம்: போடும் எண்டு சொல்லுறனெல்லோ!

கனகம்மா: சரி சரி. அதுக்கேன் கத்துறீங்கள்?

சோமசேகரம்: ...வாப்பா சுகமோ?

பரீனா: இருக்கிற இடத்தில இருக்கார். சேர், தொண்ணூற்றிரண்டாம் பக்கத்தைப் பற்றி ஒண்டு கேக்கலாமா?

சோமசேகரம்: பிள்ளை, நாவலெண்டா கற்பனையும் கலந்துதான்...

பரீனா: காதர் எண்டொரு கிறேன்காரன். குடிச்சிட்டு, ஒருத்தரும் கை காட்டாமலே சீமெந்து மூட்டைகளை இறக்குறான். கீழ நிண்ட கூலியாள் நசிஞ்சு சாகிறான்.

சோமசேகரம்: காதர் வேற, உங்கட வாப்பா வேற.

பரீனா: இடக்கையில ரெண்டு விரல் இல்லாத கிறேன்காரன் துறைமுகத்தில வேற ஆர் இருந்தது? பேரை மாத்தின நீங்க கையையும் மாத்தியிருக்கலாமே.

சோமசேகரம்: அது... எழுதேக்க தானா வந்திட்டுது.

பரீனா: வாப்பா ஒருநாளும் குடிச்சதில்ல. வெள்ளிக்கிழமை பள்ளிக்குப் போன நேரம் ஆக்கள் அவர் பக்கத்தில நிக்காம விலகினாங்க. என்ர கல்யாணப் பேச்சும் நிண்டுபோச்சு. அதை விடுங்க...

சோமசேகரம்: ரெண்டாம் பதிப்பில அந்தக் குடியை எடுத்துப்போடுறன். சத்தியமா.

பரீனா: நான் குடியைக் கேட்டு வரல்ல, சேர். கையைக் கேட்டு வந்தன்.

சோமசேகரம்: எந்தக் கை?

பரீனா: அந்தக் கூலியாள் பாக்கியரத்தினம் செத்த அண்டு வாப்பா ஒரு கை கண்டவர். பொழுது சாயிற நேரம். முகத்துக்கு நேரே வெயில். மேல இருந்து பாக்க ஆள் தெரியல்ல. "இறக்கு" எண்டு ஒரு கை மட்டும் தெரிஞ்சிச்சாம்.

சோமசேகரம்: விசாரணையில அதெல்லாம் கதைச்சு முடிஞ்சுதே.

பரீனா: பக்கத்தில நிண்ட சாட்சி நீங்கதான். ஒருத்தரும் கை காட்டேல்ல எண்டு சொன்னீங்க. வாப்பாவ வேலையால நிப்பாட்டினாங்க. பதினொரு வருசம் விறகு ஏத்தி வித்தார். கேட்ட ஆக்களுக்கெல்லாம் ஒரே சொல்லுத்தான், "நான் கை கண்டன்" எண்டு.

சோமசேகரம்: ஆரும் நம்பினவையோ?

பரீனா: உம்மாவும் நம்பல்ல. நானும்... அரைவாசிதான். அதுதான் கேக்கிறன். கை இருந்திச்சா, இல்லையா?

சோமசேகரம்: வாப்பாதானே உங்களை அனுப்பினவர்? அவருக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு. என்ன?

பரீனா: இருந்திச்சா, சேர்?

சோமசேகரம்: மெல்லக் கதையுங்கோ. குசினியில ஆள் நிக்குது.

பரீனா: நான் மெல்லத்தான் கதைக்கிறன்.

சோமசேகரம்: கிறேனுக்குக் கொடி காட்டுறவன் தேத்தண்ணிக்குப் போயிட்டான். கப்பல் விடியப் புறப்படவேணும். மேலதிகாரி நெருக்கிக்கொண்டு நிண்டவர்... பாக்கியரத்தினம் விலகிட்டான் எண்டுதான் நான் நினைச்சன்.

பரீனா: நினைச்சு?

சோமசேகரம்: நினைச்சு... கை காட்டினன்.

பரீனா: நீங்க.

சோமசேகரம்: நான்தான். அவன்ர சத்தம் இப்பவும் கேக்குது பிள்ளை. எழுதினா விட்டிட்டுப் போகும் எண்டு பாத்தன். ரெண்டு தரம் உள்ளபடிதான் எழுதினனான். ரெண்டு தரமும் கிழிச்சுப்போட்டன். மூண்டாந்தரம்... காதர் வந்திட்டான்.

கனகம்மா: ...நீங்களோ?

சோமசேகரம்: கனகம்மா, நீர் உள்ள போம்.

கனகம்மா: பாக்கியரத்தினத்தின்ர பெண்சாதி இராசமலர் நாளைக்கு மேடைக்கு வாறா. முதல் பிரதி வாங்க. நீங்கள்தான் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டனீங்கள்!

சோமசேகரம்: எனக்குத் தெரியாமலோ? அதை நினைச்சுத்தான் தொண்டை அடைக்குது!

பரீனா: நான் போயிட்டு வாறன், சேர்.

சோமசேகரம்: நில்லுங்கோ பிள்ளை. நானும் வாறன், இப்பவே. கனகம்மா, என்ர சட்டையை எடும். தாஹிரின்ர காலில விழுந்து சொல்லுறன், கை இருந்தது, அது என்ர கை எண்டு. நாளைக்கு அவரையும் மேடையில ஏத்தி, இராசமலருக்கு முன்னால, எல்லாருக்கும் முன்னால...

பரீனா: எங்க வரப்போறீங்க? வாப்பாவ அடக்கம் பண்ணி இண்டைக்கு ஒன்பது நாள். அந்தப் பக்கத்தை மூண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு சாப்பிடல்ல, ஒருத்தரோடயும் கதைக்கல்ல. கடைசியா என்னட்ட ஒண்டுதான் சொன்னார்: "படிச்ச மனிசன் புத்தகத்தில பொய் எழுதுவாரா, மகள்? நான்தான் இல்லாத கையைக் கண்டிருக்கன்."