மன்னாருக்கு மூன்று வரி

தொண்ணூறுகளில் ஒரு சனிக்கிழமை, லண்டனில் ஹரோவுக்குப் போகும் ரயிலில் எனக்கு எதிரே வயதான தம்பதியர் இருந்தார்கள். நூலகத்தில் எடுத்த இலங்கைச் சுற்றுலாப் புத்தகம் ஒன்று கணவரின் மடியில் விரிந்திருந்தது.

“இஞ்சை பாரும், மன்னாருக்கு மூண்டே மூண்டு வரி! ஒரு மாவட்டத்தின்ரை தலைநகர். பாக்க ஒண்டும் இல்லையாம், கழுதையள்தான் திரியுதாம்!” என்றார் அவர்.

“மெல்லக் கதையுங்கோ, சனம் பாக்குது.”

“பாக்கட்டும்! போர்த்துக்கேயன் கட்டின கோட்டை எங்கை? அரபிக்காரர் கொண்டுவந்து நட்ட பெருக்க மரம் எங்கை? பத்துப் பேர் கைகோத்தாலும் அதைக் கட்டிப்பிடிக்க ஏலாது. திருக்கேதீச்சரம் பாடல் பெற்ற தலமெல்லோ! அதுவும் இதை எழுதினவன்ரை கண்ணிலை படேல்லையோ?”

“அங்கை கச்சேரியிலை இருபது வருசம் அரசாங்க உத்தியோகம் பாத்தனீங்கள். ஒருநாளாவது என்னைக் கோட்டைக்குள்ளை கூட்டிக்கொண்டு போனீங்களோ?” என்று மனைவி கேட்டார்.

அவர் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “எப்பவும் போகலாமெண்டு நினைச்சன். இப்ப அங்கை ஆமி முகாமெல்லோ.”

பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, அந்தப் பக்கத்தின் ஓரத்தில் வேகமாக எழுதத் தொடங்கினார்.

“ஐயோ, லைப்ரரிப் புத்தகம்!” என்று மனைவி பேனாவைப் பறித்தார். எழுதியதை உற்றுப் பார்த்தார்.

“உங்கட எழுத்து ஒருத்தருக்கும் விளங்காது. புத்தகத்தைத் தாங்கோ, நான் எழுதுறன்.”