மூன்று தட்டினால் நிறுத்த வேண்டும்

பழைய வண்டி பார்க்கப் போகிறவன் நல்ல சட்டை போட்டுக்கொண்டு போகக் கூடாது. காலர் நைந்த சட்டை, ரப்பர் செருப்பு, கையில் ஒரு துணிப்பை, அவ்வளவு போதும். விற்கிறவன் ஒன்று நம்மைப் பார்த்து இரக்கப்படுவான், இல்லையென்றால் இவன் எங்கே வாங்கப் போகிறான் என்று நினைத்து உண்மையைச் சொல்லிவிடுவான். எப்படியும் நமக்கு நல்லதுதான். இதை எனக்குச் சொல்லித் தந்தவன் தாணு. அவன் செத்த அன்று நான் போட்டிருந்ததும் அப்படிப்பட்ட சட்டைதான். அதைப் பார்த்துத்தான் உங்கள் ஸ்டேஷனில் எனக்கு நாற்காலி போட்டுச் சாயா வாங்கித் தந்தீர்கள்.

சுதீஷ் சார், அன்றைக்கே உங்களிடம் மலையாளத்தில் சொன்னேன். நான்தான் கொன்றேன் என்று தெளிவாகவே சொன்னேன். நீங்கள் "அப்பூப்பன் ஷாக்கிலாணு", கிழவர் அதிர்ச்சியில் இருக்கிறார், என்று பக்கத்திலிருந்த போலீஸ்காரரிடம் சொல்லி, ஆட்டோ பிடித்து என்னை வீட்டுக்கு அனுப்பினீர்கள். அதற்குப் பிறகு இரண்டு தடவை வந்தேன். இரண்டு தடவையும் ஆட்டோ. அதனால் இதைத் தமிழில் எழுதுகிறேன். உங்கள் அம்மாவுக்கு நாகர்கோவில் என்று கேள்வி. சாப்பாட்டுக்குப் பிறகு அவர்களை வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். கொஞ்சம் நீளம்தான். சுருக்கிச் சொல்ல எனக்கு வராது.

என் பெயர் கோமதிநாயகம். எழுபத்துமூன்று வயது. வலியசாலையில் வீடு. கல்யாணங்களுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுவது தொழில். அண்டா, உருளி, சருவம், ஆள் உயரக் கரண்டி, எல்லாம் உண்டு. இதுவரை சின்ன சரக்கு வண்டியில் பாத்திரமும் சமையல்காரரும் ஒன்றாகவே போனார்கள். இப்போது சமையல்காரர்களுக்கு ஏசி வேண்டும். பாத்திரத்துக்கு ஏசி வேண்டாம். ஆக எனக்குத் தேவைப்பட்டது ஒரு ரெண்டுங்கெட்டான் வண்டி. முன்பாதி ஜீப்பு மாதிரி நாலு கதவும் ஐந்து பேர் உட்காரும் இருக்கையும், பின்பாதி லாரி மாதிரி ஒரு பெட்டியும். புதிது என்றால் நம்மைக் கொன்றுவிடுவான். பழையதுதான் பார்க்க வேண்டும். பழையது என்றால் தாணு இல்லாமல் முடியாது.

தாணு எனக்கு அடுத்த தெரு. ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள் நாங்கள். அவன் அரசு பஸ் பணிமனையில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அவனுடைய மூலதனம் காது. எங்கள் தெருக்களில் யார் பழைய வண்டி வாங்கினாலும் தாணுவைக் கூட்டிக்கொண்டு போவார்கள். அவன் என்ஜினைத் திறந்து பார்க்க மாட்டான், சக்கரத்தை உதைக்க மாட்டான். பின்னால் ஏறி, ஒரு பக்கமாகப் படுத்து, காதைத் தரையில் வைத்துக்கொள்வான். வண்டியை ஓட்டச் சொல்வான். பின் அச்சில் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறதா, பேரிங் போய்விட்டதா என்று இறங்கும்போது சொல்வான். ஒரு தடவையும் தப்பியதில்லை. கூலி, ஒரு சாயாவும் ரசவடையும்.

ஓட்டுகிறவனுக்கும் அவனுக்கும் ஒரு ஏற்பாடு உண்டு. உள்ளிருந்து தட்டுவான். ஒரு தட்டு என்றால், சரி, போகலாம். இரண்டு தட்டு என்றால் மெதுவாகப் போ. மூன்று தட்டினால் நிறுத்த வேண்டும். கைபேசியை ஓட்டுகிறவன் கையில் கொடுத்துவிட்டுத்தான் ஏறுவான். நடுவில் மணி அடித்தால் காது கெட்டுப்போகும் என்பான்.

எனக்கும் ஒரு திறமை உண்டு. கதை சொல்வேன். சாயங்காலம் கோயிலுக்குப் பக்கத்து சாயாக்கடையில் நான் உட்கார்ந்தால் பத்துப் பேர் நிற்பார்கள். என் கடை அண்டாவை ஒருவர் வெள்ளத்தில் தோணியாக்கிக் கிள்ளியாறு வரைக்கும் போனது, போன இடத்தில் அதிலேயே சாம்பார் வைத்து நாற்பது பேருக்கு விளம்பியது, இதெல்லாம் நான் சொல்லி ஊர் அறிந்தவை. எல்லோரும் சிரிப்பார்கள். தாணு சிரிக்க மாட்டான். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்பான்.

"அது எந்த வருஷம்வே?"

வருஷத்தைச் சொன்னால், அந்த வருஷம் அந்தப் பாலம் கட்டவில்லையே என்பான். பாலத்தை விட்டுவிட்டால், "பின்னே துடுப்பை எங்கவே கெட்டினான், அண்டாவோட காதுலயா?" என்பான். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. வண்டியில் சத்தம் கேட்பது மாதிரிதான் அவனுக்குக் கதையும். நான் நாற்பது வருஷம் பொறுத்துக்கொண்டேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நான் முன்கோபி இல்லை.

கும்ப மாசம், தமிழுக்கு மாசி, என் மனைவி பொன்னம்மையின் திதி. அவள் போய் முப்பத்தொரு வருஷம் ஆகிறது. நெஞ்சுவலி. அன்றைக்குக் கனத்த மழை, தம்பானூரில் இடுப்பளவு தண்ணீர், ஆட்டோ கிடையாது, பஸ் கிடையாது. நான் அவளை முதுகில் சுமந்துகொண்டு தண்ணீரில் நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசல்படி ஏறும்போது என் தோளிலேயே உயிர் போயிற்று. இது அண்டாக் கதை மாதிரி இல்லை. இதைச் சாயாக்கடையில் சொல்ல மாட்டேன். வீட்டில்தான், திதியன்று மட்டும்தான் சொல்வேன். என் மகன் இதைக் கேட்டு வளர்ந்தான். பேத்தி ஸ்ரீலக்ஷ்மியும் அப்படியே. அவள் இப்போது காலேஜில் படிக்கிறாள். தமிழும் மலையாளமும் கலந்துதான் பேச்சு. இந்தத் தடவை அவள் கைபேசியை எதிரே நிறுத்தி வைத்து நான் சொல்வதைப் படம் பிடித்தாள். தாணுவும் சாப்பாட்டுக்கு வந்திருந்தான். இத்தனை வருஷத்தில் அவன் அந்தக் கதையைக் கேட்டது அன்றுதான் முதல் தடவை.

நான் முடித்தேன். ஸ்ரீலக்ஷ்மி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தாணு முற்றத்து வெயிலைப் பார்த்தான்.

"இன்னிக்குத்தானவே திதி?"

ஆமாம் என்றேன்.

"கும்ப மாசத்துல தம்பானூர்ல எங்கவே வெள்ளம்? அன்னிக்கு மழையே இல்லியே. நீரு சாயாக்கடையில அண்டாக் கதையில்லா சொல்லிக்கிட்டிருந்தீரு. அடுத்த வீட்டுப் புள்ள ரெண்டு தடவை வந்து விளிச்சுது. முடிச்சிட்டு வாறேன்னீரு. நான் அங்க நின்னேனே."

சொல்லிவிட்டு இன்னொரு வடை கேட்டான்.

ஸ்ரீலக்ஷ்மி என்னையே பார்த்தாள். "அப்போ மழை உண்டாயிருந்தோ இல்லையோ தாத்தா?" என்றாள். நான் சிரித்தேன். தாணுவுக்கு வயசாகிவிட்டது, ஞாபகம் பிசகுகிறது என்றேன். அவள் படம் பிடித்ததை என் கண் முன்னாலேயே அழித்தாள். மறுநாள் ஏதோ ஒரு சின்னக் கதை, என் சின்ன வயசில் நடந்தது, சொல்ல ஆரம்பித்தேன். "எந்த வருஷம் தாத்தா?" என்றாள். அதே குரல். தாணுவின் குரல்.

அந்த வாரம் முதல் நான் வண்டி பார்க்க ஆரம்பித்தேன்.

முதல் வண்டி பேட்டையில். தாணு படுத்துப் பார்த்துவிட்டு, "கண்ணை மூடிக்கிட்டு எடுத்துக்கிடும்" என்றான். அருமையான வண்டி. பெட்டிக்கு மூடி இல்லை. வேண்டாம் என்றேன். இரண்டாவது வண்டி நேமத்தில். அதுவும் நல்ல வண்டிதான். மூடி இருந்தது, ஆனால் தார்ப்பாய் மூடி, ஒரு பேனாக்கத்தி இருந்தால் கிழித்துவிடலாம். அதையும் வேண்டாம் என்றேன். "ஒமக்கு என்னதான்வே வேணும்?" என்று தாணு கேட்டான். பாத்திரம் நனையக் கூடாது, கெட்டியான மூடி வேண்டும் என்றேன். வாஸ்தவம்தான் என்று அவனும் தேடித் தந்தான். மூன்றாவது வண்டியைக் கண்டுபிடித்துச் சொன்னது தாணுவேதான்.

கரமனையில் சபீனா என்ற பெண்ணின் வீட்டில் நின்றது அது. புருஷன் துபாயில். போகும்போது விற்றுவிடச் சொல்லியிருந்தான். கறுத்த வண்டி. பெட்டிக்கு மேலே கறுத்த கெட்டி மூடி, சுற்றிலும் ரப்பர். நான் ஒரு செம்புத் தண்ணீர் வாங்கி மூடிமேல் ஊற்றிப் பார்த்தேன். ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. தண்ணீர் போகாத இடத்தில் காற்றும் அதிகம் போகாது. பாத்திரக்காரனுக்கு இது தெரியும்.

தாணு ஏறிப் படுத்தான். மூடியைச் சாத்தினால் ரோட்டுச் சத்தம் குறையும், பல்சக்கரச் சத்தம் தனியாகக் கேட்கும் என்று அவனே சொன்னான். கைபேசியை என்னிடம் தந்தான். நான் சாத்தினேன். சபீனா வாசலில் நின்று, "அங்கிள், அது புறத்துநின்னு மட்டுமே துறக்கான் பற்றூ, சூக்ஷிக்கணே" என்றாள். வெளியிலிருந்து மட்டும்தான் திறக்க முடியும், கவனம் என்கிறாள். நல்ல பெண். தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தேன்.

மேட மாசம், சித்திரை வெயில், காலை பதினொன்றரை மணி. பைபாஸில் ஏறி, வேளிப் பக்கம் கடற்கரையை ஒட்டிய ரோட்டுக்கு வந்தேன். வழியில் ஒரு தட்டு வந்தது. பிறகு ஒரு வேகத்தடையில் இரண்டு தட்டு. மெதுவாகப் போனேன். அவன் சொன்னபடிதான் ஓட்டினேன். பன்னிரண்டு மணிக்கு ஒரு சாயாக்கடை தென்பட்டது. கடைக்கு எதிரே மணல், ஒரு மரம் கிடையாது. அங்கே வண்டியை நிறுத்தினேன். ஏசியையும் என்ஜினையும் அணைத்தேன். மூன்று தட்டு கேட்டது. நிறுத்தியாகிவிட்டதே என்று நினைத்துக்கொண்டு சாயாக்கடைக்குப் போனேன்.

கடையில் மூன்று பேர் இருந்தார்கள். மீன் விற்று முடித்தவர்கள். ஒருவர் என்னைப் பார்த்து எவிடெயா என்று கேட்டார். வலியசாலை என்றேன். அப்படியே பேச்சு வளர்ந்தது. பொன்னம்மையின் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். வெளியாட்களிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஒன்றையும் விடாமல் சொன்னேன். தண்ணீரின் நிறம், முதுகில் அவளுடைய சூடு, பாதி வழியில் அவள் என்னிடம் கேட்ட மன்னிப்பு, எல்லாம்.

நடுவில் வண்டியிலிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது. மூன்று மூன்றாக. கடைக்காரன் அது என்ன என்று கேட்டான். கறுத்த வண்டி, வெயிலில் தகரம் விரியும் என்றேன். ஒத்துக்கொண்டான். பன்னிரண்டே முக்காலுக்குத் தாணுவின் கைபேசி அடித்தது. அவன் மகள் பிரேமா. அப்பா சாப்பிட வருவாரா என்று கேட்டாள். கொஞ்சம் தாமதமாகும், நீ சாப்பிடு மக்கா என்றேன்.

நான் கதையில் தம்பானூரைத் தாண்டும்போது சத்தம் இரண்டு இரண்டாக ஆயிற்று. மெதுவாகப் போ என்று அர்த்தம். நானும் அவசரப்படவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் பொன்னம்மை உயிர் விடும்போது ஒரே ஒரு தட்டு கேட்டது. சரி, போகலாம் என்று அர்த்தம். நாற்பது வருஷத்தில் என் கதையொன்றுக்கு அவன் சரி சொன்னது அன்றுதான்.

மீன்காரர் அழுதார். சாயாவுக்குப் பணம் வாங்க மாட்டேன் என்றான் கடைக்காரன். மணி ஒன்றரை. கதை முடிந்த பிறகுதான் எழுந்தேன். நடுவில் எழுந்திருப்பது எனக்கு வழக்கமில்லை.

மூடியைத் திறந்தபோது தாணு காதைத் தரையில் வைத்தபடியே கிடந்தான். தொழிலில் அவ்வளவு ஒழுங்கு.

டாக்டர் இருதயம் என்று எழுதினார். நீங்கள் வயசானவரின் மறதி என்று எழுதினீர்கள். பிரேமா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசி நேரத்துல மாமா கூட இருந்தியளே, அது மதி, அது போதும்" என்று அழுதாள். வண்டியை நான் வாங்கிவிட்டேன். ஆள் செத்த வண்டி, வேறு யார் எடுப்பார்கள். சபீனா கொண்டு போனால் போதும் என்றாள். பின்னால் ஒரு இரைச்சல் இருக்கிறது. என்னவென்று தாணு சொல்லியிருப்பான். இறங்கிச் சொல்ல அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை.

பிறகு ஏன் இதை எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். சாயாக்கடையில் இந்தக் கதையைத் தப்பாகச் சொல்கிறார்கள். தாணு உள்ளே படுத்துத் தூங்கிவிட்டானாம், நான் மறந்துவிட்டேனாம். தொழில் நேரத்தில் தூங்குகிற ஆளா அவன்? பொறுக்க முடியாமல் நானே நடந்ததைச் சொன்னேன். கைகொட்டிச் சிரித்தார்கள். அண்டாக் கதையைவிட இது கொள்ளாம், நன்றாக இருக்கிறது என்று ஒருவன் சொன்னான். எந்த மாசம், எத்தனை மணி, மூடி எந்தப் பக்கம் திறக்கும் என்று ஒரு கேள்வி கேட்க நாதியில்லை. தாணு இருந்திருந்தால் இரண்டே கேள்வியில் இது உண்மை என்று நிரூபித்திருப்பான்.

ஸ்ரீலக்ஷ்மி இப்போது வருஷம் கேட்பதில்லை. எதுவுமே கேட்பதில்லை. புது வண்டியில் காலேஜில் கொண்டுவிடட்டுமா என்றேன். பஸ் உண்டு என்றாள்.

ஆகவே நீங்கள்தான் விசாரிக்க வேண்டும். சபீனாவிடம் கேளுங்கள், மூடியைப் பற்றிச் சொன்னாளா என்று. பேட்டையிலும் நேமத்திலும் கேளுங்கள், நல்ல வண்டியைக் கிழவர் ஏன் வேண்டாமென்றார் என்று. சாயாக்கடைக்காரனிடம் தகரத்தைப் பற்றிக் கேளுங்கள். பிரேமாவின் கைபேசியில் பன்னிரண்டே முக்கால் இருக்கும். எல்லாம் ஒத்துப்போகும். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

ஒன்றை மட்டும் நீங்கள் யாரிடமும் விசாரிக்க வேண்டியதில்லை. அதற்குச் சாட்சி இப்போது நான் ஒருவன்தான். பொன்னம்மை போன அன்று மழை பெய்தது. நல்ல மழை.