5-8-23ஐத் தேதியின் பிடியிலிருந்து மீட்ட குணமாலா அம்மையாருக்கு

மாவடி பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் வடிவமைப்புப் பிரிவுக் கண்காணிப்பாளராக முப்பத்தாறு ஆண்டுகள் பணியாற்றி, 31-5-2025 சனிக்கிழமையாகிய இன்று பணிநிறைவு பெறும் திருமதி சந்திரப்பிரபு குணமாலா அவர்களுக்குச் சங்கப் பணியாளர்கள் வாசித்தளிக்கும் மடல்.

பட்டறிவின் பெட்டகமே, பதற்றமறியாப் பண்பாட்டியே, வரிசையின் வடிவே, வாய்மையின் வார்ப்பே, அட்டைக் கட்டுகளின் அன்னையே, அட்டவணைகளின் அரசியே, வணக்கம்!

தென்னேரியிலிருந்து காலை ஏழேகால் பேருந்தில் ஏறி, வாலாஜாபாத்தில் இறங்கி மாறி, ஒன்பதரை மணிக்குச் சங்கத்தின் பூட்டைத் திறக்கும் உங்கள் கையை ஒரு நாளும் கடிகாரம் முந்தியதில்லை. அந்தக் கையின் பெருமைகளை முறைப்படி ஒவ்வொன்றாக எழுதத்தான் உட்கார்ந்தோம். எழுத எழுத, எல்லாப் பெருமைகளும் சென்ற தை மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் போய் நின்றுகொண்டன. ஆகவே அந்தச் செவ்வாய்க்கிழமையையே இந்த அவைமுன் வைக்கிறோம். அதில் எங்கள் குற்றமும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் வைக்கிறோம்.

அவையோர் அறிய முதலில் ஒரு விளக்கம். சேலையில் பூவும் அன்னமும் விழுவது தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் தொங்கும் துளையிட்ட அட்டைகளால். ஒரு டிசைனுக்கு ஒரு கட்டு. நம் சங்கத்தில் பதினெட்டு அலமாரி, அலமாரிக்கு எட்டுத் தட்டு, தட்டுக்கு இருபத்தைந்து கட்டு, ஆக மூவாயிரத்து அறுநூறு கட்டுகள். கட்டின்மேல் டிசைனின் பெயரை எழுதும் வழக்கம் நம்மிடம் இல்லை. ஒரு வீட்டார் தாழம்பூ என்பதை அடுத்த வீட்டார் ரம்பப்பல் என்பார்கள். பெயரை எழுதினால் சண்டைதான் மிஞ்சும். அதனால் இடத்தைத்தான் எழுதுவோம். 5-8-23 என்றால் ஐந்தாம் அலமாரி, எட்டாம் தட்டு, இருபத்துமூன்றாம் கட்டு. எந்த டிசைன் எந்த இடத்தில் என்பதைச் சொல்ல ஒரே ஒரு பேரேடு இருந்தது.

அந்தப் பேரேடு மார்கழி மழையில் நனைந்து நைந்தது. கணினியில் ஏற்றிவிடலாம் என்று உங்கள் பணியாளர்களாகிய லோகேஷும் அபிநயாவும் பதினொரு நாள் தலை குனிந்தே தட்டினார்கள். தட்டி முடித்து நிமிர்ந்தபோது 5-8-23 என்பது 5/8/2023 என்று நின்றது. சங்கத்து அலமாரி எண்ணைக் கணினி தேதி என்று எடுத்துக்கொண்டுவிட்டது. அதைச் சரிசெய்கிறேன் என்று லோகேஷ் அந்த எண்கள் நின்ற நெடுக்குப் பத்தி முழுவதையும் பிடித்து 'எழுத்து' என்று மாற்ற, தேதிகள் மறைந்து 45054 போன்ற ஐந்திலக்கங்கள் வந்து நின்றன. இது கணினி நமக்குக் கொடுத்த புதிய எண் போலும் என்று அவன் மகிழ்ந்தான். நாங்களும் மகிழ்ந்தோம். மகிழ்ச்சியோடு நிறுத்தியிருக்கலாம். நனைந்த பேரேட்டைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டோம். நீங்கள் அப்போது உங்கள் மருமகள் நிரஞ்சனாவின் பேறுகாலத்துக்காக விடுப்பில் இருந்தீர்கள்.

திங்கட்கிழமை செவிலிமேட்டிலிருந்து நீலாம்பாள் அம்மாள் வந்தார். அவர் தறியில் ஒரு சேலை முந்திக்காகக் காத்திருந்தது. நெசவுப் போட்டிக்குப் போகும் சேலை. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஒப்படைக்க வேண்டும். இருபத்தெட்டு ஆண்டுகளாக அவர் நெய்த சேலைகளெல்லாம் கணவர் பெயரிலேயே போட்டிக்குப் போயின. இந்த முறைதான் விண்ணப்பத்தில் நெசவாளர் என்ற இடத்தில் நீலாம்பாள் என்று எழுதியிருந்தார். முந்திக்கு வேண்டியது அவரே வரைபடத் தாளில் கட்டம் கட்டமாக வரைந்த இரட்டை அன்னம். ஊரில் அதற்கு ஒரே ஒரு அட்டைக் கட்டுதான் உண்டு.

பட்டியலில் இரட்டை அன்னத்துக்கு நேரே 45054. லோகேஷ் விழித்தான். அந்தப் பத்தியை மறுபடி தேதியாக்கி, நம் ஊர் வழக்கப்படி நாள் முதலிலும் மாதம் அடுத்தும் வரும்படி வைத்தான். 8-5-23 என்று வந்தது. எட்டாம் அலமாரி, ஐந்தாம் தட்டு, இருபத்துமூன்றாம் கட்டை எடுத்துக் கொடுத்து அனுப்பினோம்.

செவ்வாய் மதியம் அந்தக் கட்டு திரும்பி வந்தது. அதை மேசைமேல் வைத்துவிட்டு அவர் கேட்டதை அப்படியே எழுதுகிறோம்.

"இன்னாப்பா லோகேசு, நான் கேட்டது அன்னம், நீ குடுத்தது யானை. ரெண்டு அங்குலம் நெய்ஞ்சப்புறம் தும்பிக்கை எட்டிப் பாக்குது. நைட்டெல்லாம் பிரிச்சுக்கினு இருந்தேன். எங்க என் கட்டு?"

"ஆன்ட்டி, சிஸ்டம்ல அப்படித்தான் காட்டுது."

"சிஸ்டமா நாளைக்கு வந்து தறில உக்காரப் போவுது?"

கட்டுகளெல்லாம் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். மூவாயிரத்து அறுநூறையும் அவிழ்த்துப் பார்க்க ஒரு மாதம் போதாது. இருந்தது மூன்று நாள். அந்த நேரத்தில்தான், விடுப்பு முடிய இரண்டு நாள் இருக்கும்போதே, பேத்தி பிறந்த இனிப்பைக் கொடுக்க நீங்கள் உள்ளே வந்தீர்கள். இனிப்பு டப்பாவை யாரும் வாங்கவில்லை. நீங்களே அதை மேசையில் வைத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தீர்கள்.

அம்மையே, நாங்கள் திரையில் எண்களைப் பார்த்தோம். நீங்கள் எண்கள் சாய்ந்திருந்த பக்கத்தைப் பார்த்தீர்கள்! சில கட்டங்களில் எண் இடப்பக்கம் ஒட்டியிருந்தது, சிலவற்றில் வலப்பக்கம். "இடது பக்கம் நிக்கிறது எழுத்து. வலது பக்கம் நிக்கிறது எண்ணு, இல்ல தேதி. தேதியும் உள்ளுக்குள்ள ஒரு எண்ணுதான், 1900லேர்ந்து நாளை எண்ணிக்கினே வருது. அதுதான் உன் நாப்பத்தஞ்சாயிரம்" என்றீர்கள். பிறகு திரையைக் கீழே தள்ளிக்கொண்டே போய், "லோகேஷ், இடது பக்கம் நிக்கிறதெல்லாம் எந்த அலமாரி, படி" என்றீர்கள்.

அவன் படித்தான். பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து, பதினெட்டு வரை. பதின்மூன்றுக்குக் கீழே ஒன்றுகூட இல்லை.

"பதிமூணாவது மாசம்னு ஒண்ணு உண்டாப்பா?"

அவ்வளவுதான் கேட்டீர்கள். அபிநயா நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள். முதல் எண்ணைக் கணினி மாதம் என்று எடுத்திருக்கிறது! பன்னிரண்டு வரை மாதம் உண்டு, அவை தேதியாகிவிட்டன. பதின்மூன்றாம் மாதம் இல்லை, அவை எழுத்தாகவே தப்பின. ஆகவே 45054 என்பது மே எட்டு. அலமாரி ஐந்து, தட்டு எட்டு. நாங்கள் முன்னதைப் பின்னதாக்கி யானையிடம் போயிருந்தோம்.

பத்தியை மாதம்-நாள்-ஆண்டு என்று அமைத்தீர்கள். ஒரு நொடியில் அத்தனை வரிகளும் பழைய பேரேடாகத் திரும்பின. தோற்றம் சரியானதும் நாங்கள் கைதட்டினோம், நீங்கள் தட்டவில்லை. "இப்ப மேல தெரியறது சரி. உள்ள இன்னும் தேதிதான் உக்காந்துக்கினு இருக்குது" என்று, புதிய பத்தி ஒன்றை முதலிலேயே எழுத்து என்று அமைத்து, தெரிந்தபடியே அதில் இறக்கி, ஒவ்வொரு அலமாரிக்கும் ஒரு கட்டை எடுத்துவரச் செய்து சரிபார்த்தீர்கள். ஐந்தாம் அலமாரிக்கு நீலாம்பாள் அம்மாளே போனார். ஒரு அட்டையை வெளிச்சத்தில் பிடித்துத் துளைகளைப் பார்த்தவர், "என் அன்னந்தான்" என்று சொல்லிவிட்டுக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினார்.

பதினெட்டாம் அலமாரியைச் சரிபார்த்து முடித்தபோது வெளியே விளக்குப் போட்டுவிட்டார்கள். பொழுது சாய்ந்தபின் உணவு கொள்ளாத சமண இல்லத்தவர் நீங்கள். உங்கள் டிபன் பாக்ஸ் பையிலேயே இருந்தது. அபிநயாதான் அதைக் கவனித்தாள். "ஒரு வேளைதானே, நாளைக்குச் சாப்பிட்டுக்கிறேன்" என்று வாலாஜாபாத் பேருந்துக்குக் கிளம்பினீர்கள். உங்களிடமிருந்து ஒரு கடிந்த சொல் வந்திருந்தால் எங்களுக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை மாலை நாலு பத்துக்குச் சேலை ஒப்படைக்கப்பட்டது. இரண்டாம் பரிசு. முதல் பரிசு போயிற்றே என்று கேட்டவர்களிடம் நீலாம்பாள் அம்மாள் சொன்னது: "போனா போவட்டும். சான்றிதழ்ல யார் பேர் இருக்குது, அத்தப் படி."

அதன்பின் நீங்கள் வகுத்த முறைகளைச் சங்கம் இன்றும் காக்கிறது. கட்டத்தின் வகையை அமைத்த பிறகே தட்டுகிறோம். எடைப் பத்தியில் 780 என்று மட்டும் எழுதுகிறோம். கிராம் என்ற சொல் தலைப்பில் நிற்கிறது, அதனால் கூட்டல் கூடுகிறது. உறுப்பினர் எண்ணை எழுத்தாக வைக்கிறோம். இந்தக் கடைசி முறைக்கு நம் மூத்த உறுப்பினர் அப்பாதுரை அவர்களும் காரணம். 0047 என்ற தம் எண் 47 என்று அச்சாகி வந்த நாளில், "ரெண்டு பூஜ்யத்தையும் எங்கடா வச்சீங்க? அது எங்கப்பன் வாங்கினது" என்று அவர் வாசலில் நின்றதை இந்த அவையில் பலர் கேட்டிருப்பீர்கள். அதோ, முன்வரிசையில் சிரிக்கிறார்.

வகைபிரித்து வாழ்வளித்த அம்மையே, நீங்கள் விட்டுச் செல்லும் அந்த அட்டவணையில் எல்லாப் பத்தியும் இப்போது எழுத்து அல்லது எண். கடைசி வரியில் இரண்டு கட்டங்களை மட்டும் நேற்று நாங்களே தேதியாக அமைத்தோம். ஒன்றில் நீங்கள் பணியில் சேர்ந்த 1-6-1989, மற்றதில் இன்றைய நாள். தேதியும் உள்ளுக்குள் எண்தான் என்றீர்களே, அதை நம்பிக் கழித்துப் பார்த்தோம். சேர்ந்த நாளையும் சேர்த்தால் பதின்மூன்றாயிரத்து நூற்று நாற்பத்தொன்பது நாள் வந்தது. லோகேஷ் மூன்று முறை கழித்தான். மூன்று முறையும் அதேதான்.

இனிவரும் நாள்களை எண்ண நாங்கள் துணியவில்லை. அவை நோயின்றி, நிறைவோடு, பேத்தியின் மழலையோடு, பேருந்துக்கு ஓடும் அவசரமின்றி நீள வேண்டுமென்று விரும்புகிறோம். இந்த விழா நான்கு மணிக்கே தொடங்கியதன் காரணத்தை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். பொழுது சாய இன்னும் ஒரு மணி நேரத்துக்குமேல் இருக்கிறது. பந்தியில் முதல் இலை உங்களுக்குப் போட்டாயிற்று. நீலாம்பாள் அம்மாள் அதன் அருகில் நிற்கிறார். மடலை வாங்கிக்கொண்டு, தயவுசெய்து உடனே சாப்பிட வாருங்கள்.

என்றும் உங்கள் வரிசையில் நிற்கும்,
மாவடி பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கப் பணியாளர்கள்,
காஞ்சிபுரம்.