சத்தமில்லாத பெட்டி

கெமரா ரெக்கோர்டர் வாங்குகிறவர்கள் படம் தெளிவாக இருக்குமா என்று கேட்பார்கள், ஐயா. சத்தம் போடுமா என்று யாரும் கேட்பதில்லை. பசறை டவுனில் கெமரா, டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கும் எனக்கே அது வீட்டில் ஒன்றைப் பொருத்திய பிறகுதான் தெரிந்தது.

எங்கள் வீடு டவுனுக்கு மேலே, வளைவைத் தாண்டி, தேயிலை மலையை வெட்டிய இடத்தில் தனியாக இருந்தது. கள்வர் பயத்துக்காகக் கூடத்தில் ஒரு கெமரா, பின்பக்கம் ஒன்று. ரெக்கோர்டர் பெட்டி முன்னறை அலமாரியில். அதிலிருந்த சின்ன ஃபேன் வண்டு மாதிரி இரைந்துகொண்டே இருக்கும். ரொஷானி அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. என் மனைவி அதிகம் பேசாதவள் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒருநாள் கரண்ட் போய், பெட்டி நின்றது. குசினியில் சமைத்துக்கொண்டே அவள் பாடினாள். கல்யாணம் முடித்ததிலிருந்து அவள் பாடி நான் கேட்டதில்லை. கரண்ட் வந்ததும் பாட்டு நின்றுவிட்டது.

அந்த ரொஷானியைப் பார்க்க ஆசைப்பட்டேன். புருஷனுக்கு வரக்கூடாத ஆசையா அது?

அவள் சர்ச்சுக்கு, பூசைக்குப் போயிருந்தபோது ஃபேனைக் கழற்றிவிட்டு, சூடு இறங்க அலுமினியத் தகடு வைத்தேன். பழைய ஹார்ட் டிஸ்க் கறகறக்கும். இடம் நிறைந்ததும் பழைய நாட்களை அழித்துவிடும். அவளுடைய நாட்களை இழக்க எனக்கு மனமில்லை. ஓசையில்லாத பெரிய டிஸ்க் போட்டு, அடியில் ரப்பர் வைத்தேன். கூடத்துக்கு அதே தோற்றத்தில் மைக் உள்ள கெமரா. கரண்ட் இல்லாமலும் ஓட ஒரு பேட்டரி.

"என்னங்க, இதோட சத்தத்தையே காணோம்?" என்றாள்.

"எரிஞ்சு போச்சு. கெமரா சும்மா தொங்கட்டும், கள்ளனாவது பயப்படுவான்."

அதன்பிறகு அவள் பாடினாள், தனியாகச் சிரித்தாள், துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு ஆடினாள். கடையில் உட்கார்ந்து போனில் பார்த்தேன். எங்கள் நல்ல காலம் அதுதான்.

பிறகு ஒருநாள் பண்டாரவளையில் இருக்கும் தங்கச்சியோடு பேசினாள். "ஞாயித்துக்கிழமை பூசைக்குன்னு சொல்லிட்டு அப்படியே வந்துர்றேன் றீட்டா. இந்த மனுசனோட மூச்சு முட்டுது."

நான் கோபப்படவில்லை. ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமை அடைமழை. வீட்டுக்குப் பின்னால் மண்மேடு வெடித்திருப்பது போனில் தெரிந்தது. வெடிப்பிலிருந்து சேற்றுத் தண்ணீர் வந்தது. கூடத்தில் அவள் உடுப்புகளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். தகரக் கூரையில் மழை அறைந்த சத்தத்தில் அவளுக்கு வேறெதுவும் கேட்டிருக்காது.

ஆட்டோ ஓட்டும் ஜெயரூபன் நனைந்தபடி கடைக்கு வந்தான். "அண்ணே, மேல உள்ளவங்கள எல்லாம் இறக்குறோம். அக்காவக் கூட்டிட்டு வரட்டா?"

"அக்கா தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டா தம்பி. வீட்டுல யாரும் இல்ல."

முழுப் பொய் என்று சொல்லமுடியாது. அவள் மனசு எப்போதோ போயிருந்தது.

கொஞ்ச நேரத்தில் மண் வந்தது. குசினி போய்விட்டது. கூடத்துச் சுவர் அவள் கால்கள்மேல் விழுந்தது. முன்னறைக்கு ஒன்றும் ஆகவில்லை, பெட்டியும் கூடத்துக் கெமராவும் ஓடிக்கொண்டிருந்தன. மீட்க வந்தவர்கள் நேரே கொஞ்சம் தள்ளியிருந்த தோட்ட லயத்து வீடுகளுக்குப் போனார்கள். எங்கள் வீடு காலி என்று ஜெயரூபன் அவர்களிடம் சொல்லியிருந்தான். அவனைத் தொந்தரவு செய்யாதீர்கள், ஐயா. நான் சொன்னதைத்தான் அவன் சொன்னான்.

அவள் கூப்பிட்டாள். றீட்டாவை அல்ல, என்னை. "என்னங்க, என்னங்க" என்று. கடைக்கதவை இழுத்து மூடிவிட்டு, மழைச் சத்தத்துக்கு மேல் கேட்பதற்காகப் போனைக் காதோடு வைத்துக்கொண்டேன். குரல் நிற்கும்வரை கீழே வைக்கவில்லை.

கொலை என்று எழுதுகிறீர்கள். எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவள் தனியாகச் செத்தாள் என்று மட்டும் எழுதாதீர்கள். கடைசிவரைக்கும் நான்தான் அவளைப் பார்த்துக்கொண்டேன்.