குடிக்காதவனின் ஈரல்

“வெறிக்குட்டி, குடிகாரன் எண்டு என்ர பேரைக் கெடுத்தது நீர்தான்.”

காலை பஸ்ஸில் நாரந்தனையில் ஏறியவர், முன் இருக்கையில் இருந்தவரைப் பார்த்து முதலில் சொன்னது இதுதான். ஈரலில் புற்றுநோய் வந்து, வெட்டி எடுத்து மூன்று மாதம் என்பது பிறகு பேச்சில் தெரிந்தது. பஸ் குலுங்கும்போதெல்லாம் வலது விலாவைப் பிடித்துக்கொண்டார்.

முன் இருக்கைக்காரர் திரும்பினார். “பகிடிக்குச் சொன்னனான், அன்ரன்.”

“பகிடியோ? இருபது வருசம் ஒரே போட்டில கடலுக்குப் போய்த் தொழில் செய்தனாங்கள். கரைக்கு வந்தா நீங்கள் எல்லாரும் கள்ளுக்குப் போவியள். நான் கடையில சோடா குடிச்சு, பணிசு திண்டுகொண்டு இருப்பன். தெரியாதோ உமக்கு?”

“தெரியும்.”

“ஈரலில கொழுப்பு எண்டு ஸ்கான் துண்டைக் கொண்டுவந்து காட்டினனான். குடிக்காதவனுக்கு ஈரல் பழுதாகாது, கிளினிக்குக்கு மினக்கெடாதையும் எண்டு சொன்னது ஆர்?”

முன் இருக்கைக்காரர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“உம்மை நம்பி நாலு வருசம் போகேல்லை. வெட்டி எடுத்தாப்பிறகு, களவாக் குடிச்சவன் எண்டு நீரே சொல்லித் திரியிறீர். கோயில் பெருநாளுக்குச் சொரூபத்தைத் தோளில தூக்கிற ஆக்களில என்ர பேரை வெட்டிப்போட்டினம்.”

“உமக்கு இப்ப தூக்க ஏலாதுதானே.”

“ஏலாது. வருத்தக்காரன் எண்டு வெட்டியிருந்தா நான் வாய் திறக்கமாட்டன். குடிகாரன் எண்டெல்லோ வெட்டினவை.”

அன்ரனின் பக்கத்தில் இருந்த அவர் மனைவி, “மெள்ளக் கதையுங்கோ, மிச்ச ஈரலும் வெடிக்கப்போகுது” என்றார். யாரோ சிரித்தார்கள். அன்ரன் சிரிக்கவில்லை.

“ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய, சனம் கலையமுன்னம், கோயில் வாசலில நிண்டு சொல்லும். நான் ஒரு சொட்டாவது குடிச்சதை நீர் கண்டனீரோ? ஓமோ, இல்லையோ?”