ஊசி இல்லாத ஒரு காலை

எனக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பது பிடிக்கும். கல்யாண மண்டபத்தில் வாய் திறக்காதவர்கள்கூட அங்கே பேசுவார்கள், அதுவும் முன்பின் தெரியாதவர்களிடம். டோக்கன் நம்பர் கூப்பிட நேரமாகும். பக்கத்தில் இருப்பவள் நம் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, யாருக்குக் காட்ட வந்தீர்கள் என்று ஆரம்பிப்பாள். அரை மணி நேரத்தில் புருஷனிடம் சொல்லாததையும் சொல்லிவிடுவாள். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு அதில் அலுப்பு வருவதில்லை.

என் பெயர் தேவிப்ரியா. வயது முப்பத்தெட்டு. புதுக்கோட்டையில் வீட்டிலிருந்தபடியே வெப்சைட்டுகளுக்குத் தமிழில் எழுதிக் கொடுப்பது என் தொழில். நகைக்கடை, பட்டுக்கடை, திருமயம் பக்கத்தில் பழைய வீட்டை ஹோட்டலாக்கிய ஒருவர் என்று பலருக்கும் எழுதியிருக்கிறேன். என் பெயர் எதிலும் வராது. அது தொழில் வழக்கம். எனக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை என்றே நினைத்திருந்தேன்.

வெற்றிசெல்வன் சார் போன வருஷம் ஆடி மாசத்தில் என்னிடம் வந்தார். ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்து, வேலையை விட்டுவிட்டு, சர்க்கரைக்கும் உடல் எடைக்கும் உணவுப் பயிற்சி கொடுக்கும் கோச் ஆனவர். செல்போனிலேயே நாற்பது நாள் வகுப்பு. அவர் கெட்டவர் இல்லை, இன்ஸ்பெக்டர், இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அவரிடம் சேர்ந்தவர்கள் நடந்தார்கள், இளைத்தார்கள். சிலருக்கு டாக்டரே மாத்திரையைக் குறைத்தார். ஆனால் வெப்சைட்டைப் பார்த்துவிட்டு ஒருவரும் வரவில்லை. நான் அதைத் திறந்து பார்த்தேன். முதல் பக்கத்திலேயே 'நான்' என்ற சொல் பதினேழு இடத்தில் இருந்தது.

"சார், படிக்கிறவங்க ஒங்களத் தெரிஞ்சுக்க வரலை. தங்களப் பத்தி ஒங்களுக்குத் தெரியுமான்னு பாக்க வாராங்க" என்றேன்.

யாருக்காக எழுத வேண்டும் என்று கேட்டதற்கு, எல்லாருக்கும் என்றார். எல்லாருக்குமாக எழுதுவது யாருக்கும் ஒட்டாது. ஒரே ஓர் ஆளை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு எழுத வேண்டும். அந்த ஆள் தனக்குள் சொல்லிக்கொள்வதை அதே சொற்களில் திருப்பித் தர வேண்டும். அப்போது படிப்பவருக்கு, இவருக்கு நம்மைத் தெரியும் என்று தோன்றிவிடும். அதற்குப் பிறகு அவர் எதையும் சரிபார்க்க மாட்டார்.

அந்த ஓர் ஆளைத் தேடித்தான் செவ்வாய்க்கிழமைகளில் சர்க்கரை நோய்ப் பிரிவின் வராந்தாவுக்குப் போனேன். அங்கே அழகி கிடைத்தாள்.

வல்லத்திராக்கோட்டைப் பக்கம் அவளுக்கு ஊர். வயல் வேலைக்குப் போகிறவள். புருஷன் ஆனந்தராஜ் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தான். ஒரே மகள் இளமதி, பத்து வயது. ஏழு வயதில் அந்தப் பிள்ளைக்குச் சர்க்கரை வந்தது. பெரியவர்களுக்கு வருவது போன்றது இல்லை. உடம்பில் இன்சுலின் சுரப்பதே நின்றுவிடும். தினமும் நான்கு ஊசி. அழகிதான் போடுவாள்.

மூன்றாவது செவ்வாய்க்கிழமை அவள் சொன்னாள்: "ஊசி போடயில அவ என்னைய பாக்க மாட்டாக்கா. செவத்தப் பாத்துக்குருவா. என்னைய பாத்தா நான் அழுதுருவேன்னு அவளுக்குத் தெரியும்."

நான் கழிப்பறைக்குப் போய் அதை அப்படியே போனில் எழுதிக்கொண்டேன். இப்படி ஒரு வாக்கியத்தை யாரும் உட்கார்ந்து யோசித்து எழுதிவிட முடியாது.

சாரிடம் குழந்தைகளுக்கென்று தனிப் பக்கம் வைக்கலாம் என்று சொன்னது நான்தான். அவர் உடனே தலையை ஆட்டினார். "சின்னப் பிள்ளைங்க சமாச்சாரம் வேற மேடம். அதுகளுக்கு ஊசிதான் உசுரு. நம்ம அங்கிட்டுப் போக வேண்டாம்" என்றார். நான் அவரை விடவில்லை. அந்த வீடுகளுக்குச் சாப்பாட்டு முறை மட்டும் சொல்லலாம், மருந்தைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்று இரண்டு வாரம் எடுத்துச் சொன்னேன். கடைசியில் சம்மதித்தார். ஆனால் பக்கத்தின் தலையிலேயே ஒரு வரி வர வேண்டும் என்று அவரே எழுதி அனுப்பினார். 'டாக்டர் சொன்ன இன்சுலினை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது.'

அந்த வரி இருந்த இடத்தில் படிப்பவரின் கண் நின்றுவிடும். மேலே ஒரு தாயின் மனதைத் தொட்டுவிட்டு, அடுத்த வரியில் அதட்டினால் அவள் பக்கத்தை மூடிவிடுவாள். அதனால் அதை எடுத்து 'விதிமுறைகள்' என்ற இன்னொரு பக்கத்தில், ஆறாவது பத்தியில் வைத்தேன். சார் சரிபார்க்கவில்லை. முதல் நான்கு வரிகளைப் படித்துவிட்டுக் கண் கலங்கி, எதையும் மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அந்த நான்கு வரிகள் இவை. 'ஊசி போடும்போது உங்கள் மகள் உங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. சுவரைப் பார்க்கிறாள். பார்த்தால் நீங்கள் அழுதுவிடுவீர்கள் என்று அவளுக்குத் தெரியும். ஊசி இல்லாத ஒரு காலை உங்கள் வீட்டிலும் விடியும்.'

ஊசியை நிறுத்துங்கள் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. உங்களிடம் அச்செடுத்த பிரதி இருக்கிறது.

பக்கம் வெளிவந்து பதினொரு நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலையில் அழகி போன் செய்தாள். அதை எழுதியது நான் என்று அவளுக்குத் தெரியாது. நான் படித்தவள், விவரம் தெரிந்தவள் என்பதால் கேட்டாள். யாரோ அந்தப் பக்கத்தை அவளுக்கு அனுப்பியிருந்தார்கள். வரப்பில் உட்கார்ந்து நான்கு தடவை படித்தாளாம். அதில் தன் பெயரைக் கொடுத்துப் பதிந்தும் இருந்தாள். சார் திங்கட்கிழமை கூப்பிடுவதாகப் பதில் வந்திருந்தது.

"அவருக்கு எப்புடிக்கா தெரியும், இளமதி செவத்தப் பாக்குறது" என்று கேட்டாள்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பதினான்கு வருஷமாக எழுதுகிறேன். படித்தவர் ஒருவர் அதைப் பற்றி என்னிடமே பேசியது அதுதான் முதல் தடவை.

பிறகு கேட்டாள்: "ஊசிய விடச் சொல்லிப் போட்டுருக்காங்களாக்கா?"

"இல்ல, அப்புடிப் போடல" என்றேன்.

"விடக் கூடாதுன்னும் போடலயே."

"அந்தப் பக்கத்துல போடல."

இரண்டும் உண்மை. பின்னால் டிராக்டர் போகும் சத்தம் கேட்டது. ரெண்டு நாள் நிறுத்திப் பார்க்கட்டுமா என்று கேட்டாள்.

"ஒங்க பிள்ளைய ஒங்களவிட யாருக்குத் தெரியும்" என்றேன். அது அந்தப் பக்கத்தின் கடைசி வரி. அவளுக்கும் அது தெரிந்திருந்தது. போனில் சிரித்தாள்.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியுமா என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். தெரியும். ஒவ்வொரு செவ்வாயும் அங்கே உள்ள நர்ஸ் எல்லாத் தாய்மாரையும் நிற்க வைத்துச் சொல்வார். ஒரு நாள்கூட விடக் கூடாது, விட்டால் பிள்ளை மிஞ்சாது என்று சொல்வார். அழகியும் அதைக் கேட்டிருந்தாள். என் பக்கம் அந்த நர்ஸைவிட நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

சனிக்கிழமை மத்தியானம் மறுபடி கூப்பிட்டாள். பிள்ளைக்கு வாந்தி, தண்ணீர் தண்ணீர் என்று கேட்கிறாள், மூச்சு வாங்குகிறது என்றாள். ஆனால் குரலில் பதற்றம் இல்லை. பெரியவர்களுக்காக நான் எழுதிய இன்னொரு பக்கத்திலிருந்து ஒரு வரியை எனக்கு வாசித்துக் காட்டினாள். 'முதல் சில நாட்கள் உடல் முரண்டு பிடிக்கும். பொறுத்திருங்கள்.' அவள் எழுத்துக் கூட்டி வாசித்ததில் அந்த வரிக்கு நான் நினைத்திராத ஓர் அழுத்தம் வந்தது.

உடனே ஊசி போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாள். அது பெரியவர்களுக்கு எழுதியது என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள். அதற்கு நான், வராந்தாவில் எதற்காக அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். அவளுக்கு அது கஷ்டமாக இருக்கும். அதனால் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆட்டோவில் கொண்டுபோயிருக்கிறார்கள். டாக்டர்கள் முடிந்ததையெல்லாம் செய்தார்கள். இளமதி திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு இறந்தாள்.

நான் துக்கத்துக்குப் போனேன். ஆனந்தராஜ் வருவதற்காகக் காத்திருந்தார்கள். அழகி பெஞ்சில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்திக்கொண்டாள். "நீங்க ஒருத்திதானக்கா நான் சொன்னதக் காது குடுத்துக் கேட்டீங்க" என்றாள். நான் அவள் கையை விடவில்லை. மத்தியானம் வரைக்கும் அப்படியே இருந்தோம்.

அந்த வாரமே வெற்றிசெல்வன் சாரைக் கைது செய்தீர்கள். எச்சரிக்கை வரியைத் தானே எழுதி எனக்கு அனுப்பியதாக அவர் அழுதுகொண்டே சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. அவர் அனுப்பிய மெயில் என்னிடம் இருந்தது. அவருடைய கம்ப்யூட்டரை நீங்கள் திறந்து பார்ப்பதற்கு நாளாகும் என்று தெரியும். பத்தொன்பது நாள் நான் எதுவும் பேசவில்லை. அவர் மனைவி இரண்டு தடவை என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கதவைத் திறக்கவில்லை.

பிறகு ஏன் நானாகவே வந்தேன் என்று கேட்கிறீர்கள். மனசாட்சி என்று எழுதிக்கொள்ள உங்களுக்கு ஆசை, அது புரிகிறது. போன வெள்ளிக்கிழமை டிவியில் அழகி பேசினாள். என் மனசுக்குள்ள பூந்து எழுதுன மாதிரி இருந்துச்சு, அந்த ஆளு எழுத்துதான் என்னைய மயக்கிருச்சு என்றாள். அந்த ஆளால் இரண்டு வரி சேர்த்து எழுத முடியாது. அந்தப் பக்கத்தில் ஒரு கமாகூட அவருடையது இல்லை. அவளாவது அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. மறுநாள் காலையில் இங்கே வந்துவிட்டேன்.

இளமதி சாவதற்குக் காரணம் நான். வரியை மாற்றி வைத்தது நான், கேட்டபோது சொல்லாதது நான், தெரிந்தே சொல்லாதது நான். இதில் வேறு யாருக்கும் பங்கில்லை.

உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட மறுத்ததற்கு நீங்கள் கோபப்பட்டீர்கள். அதில் விவரம் எல்லாம் சரி. ஆனால் அது யாரையும் தொடாது. அதனால்தான் வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி நானே எழுதினேன். மூன்று தடவை திருத்தியிருக்கிறேன். இதன் நகல் ஒன்றை அழகியிடம் கொடுங்கள். படித்தால் என்னை மன்னித்துவிடுவாள். அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.