தாலிக்கு முந்திய தவில்

பள்ளிவாசலில் இருந்து தேவிகுளம் போகும் பஸ். டிரைவருக்கு நேர் பின்னால் ஒரு அக்காவும் தம்பியும், அவர்களுக்குப் பக்கத்து வரிசையில் நான்.

“தாலி பத்தாவது வரிசையில இருக்கயில அட்சதை விழுந்தது என் மவன் கல்யாணத்துல மட்டுந்தாண்டா” என்றார் அக்கா.

“நாதஸ்வரத்துக்கு ஆள் கிடைக்கலன்னு நீதானக்கா ரெக்கார்டு போடச் சொன்ன?”

“கல்யாண மேளம் போடச் சொன்னேன். நீ கோயில் கச்சேரிய போட்ட.”

“அந்தத் தோடி மாதிரி ஒரு ரெக்கார்டு உலகத்துலயே கிடையாது. கடைசியில தவில் ஒரு ஓட்டம் ஓடும் பாரு!”

“ஓடுச்சே! கெட்டிமேளம்னு நெனச்சு மொத்தப் பேரும் அட்சதைய வீசிட்டுப் பந்திக்குப் போயிட்டாக. தாலித் தட்டு இன்னும் ஆசீர்வாதத்துக்குச் சுத்திக்கிட்டு இருக்கு. நெசமா கட்டயில என் புள்ள தலையில ஒரு அரிசி விழல.”

தம்பி சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

“இன்னிக்கு மறுவீட்டுல, வாசல்ல வச்சே ரெண்டு பேருக்கும் போட்டுருவேன்” என்று அக்கா மஞ்சள் அரிசிப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துக்கொண்டார்.

“போடு. அந்தத் தவில ஒருக்கா ஒழுங்கா கேட்டுட்டு என்னையத் திட்டு.”

தம்பி போனைத் தட்டிவிட்டார். தவில் மெல்ல நடந்தது, வேகம் பிடித்தது, உச்சிக்கு ஏறியது. டிரைவர் தலையெல்லாம் மஞ்சள் அரிசி.

“பாத்தியாக்கா, உன் கையே நிக்கல!”

டிரைவர் திரும்பாமலே சொன்னார்: “எனக்குக் கல்யாணம் ஆகி இருபது வருசம் ஆச்சு, சேச்சி.”